தொண்ணூத்தி நாலு மார்க்

இல்லீங்க, நான் வக்கீல் இல்லீங்க. பஸ் ஏறுனதுல இருந்து என்ற மடியில இருக்கற இந்தப் பொஸ்தகக் கட்டைப் பாத்துட்டுக் கேக்கறீங்க. அட்டையில 'சுற்றுச்சூழல் சட்டமும் ஒழுங்குமுறையும்'னு போட்டிருக்கறதால உங்களுக்கு அப்படித் தோணியிருக்குது. நான் வாத்தியாருங்க. பேரு குழந்தைவேலு. முப்பத்தோரு வருசம் காலேஜ்ல காமர்ஸ் எடுத்து ரிட்டயர்டு ஆனவன். அதே காலேஜ்ல ஒரு ரூம்ல தொலைதூரக் கல்விக்கு ஸ்டடி சென்டர் நடக்குது. அதுக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். காமர்ஸ் வாத்தியாருக்குச் சட்டம் எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. பாடமெல்லாம் அச்சடிச்சே வந்துரும். நாம ஞாயித்துக்கிழமை கதவைத் தொறந்து, வருகை எடுத்து, முதல் நாள் ஒரு அறிமுக வகுப்பு எடுத்து உட்டாப் போதும்.

ஆனா அந்த அறிமுக வகுப்பு இருக்குது பாருங்க, அதை என்னையாட்ட எடுக்க ஆளில்லைன்னு சொல்லுவாங்க. நானாச் சொல்லலை, மத்தவங்க சொல்றது. மேசை மேல ஒரு டம்ளர் தண்ணி வெப்பன். "யாருக்குத் தாகம்?"ன்னு கேப்பன். எவனாச்சும் ஒருத்தன் எந்திரிச்சு வந்து குடிப்பான். குடிச்சு முடிக்கற வரைக்கும் பேச மாட்டன். பொறவு கேப்பன், "தம்பி, இது எங்கிருந்து வந்த தண்ணி? இதுக்குள்ள என்ன இருக்குது?" முழிப்பான். "தெரியாமயே குடிச்சுட்டயே. அதைத் தெரிஞ்சுக்கற உரிமை உனக்கு இருக்குது. அந்த உரிமைக்குப் பேருதான் இந்தப் படிப்பு." கிளாஸே கப்புன்னு ஆயிரும். அப்பறம் அரசியல் சட்டம் இருவத்தொண்ணாவது பிரிவு, நீர்ச் சட்டம், காத்துச் சட்டம், பசுமைத் தீர்ப்பாயம்னு வரிசையா உடுவன். கடைசியா, "சட்டம் பொஸ்தகத்துல இல்லை, உங்க ஊட்டு வாசல்ல இருக்குது. போங்க, பாருங்க, கேளுங்க, எழுதுங்க"ன்னு முடிப்பன். கை தட்டுவாங்க. எட்டு வருசமா தட்டறாங்க. தட்டிட்டு டீ குடிக்கப் போயிருவாங்க. அதுதாங்க முறை.

வருசத்துக்கு இருவத்தஞ்சு முப்பது பேரு சேருவாங்க. பாதிப்பேரு சாயப்பட்டறைப் பசங்க, சர்ட்டிபிகேட் இருந்தா சூப்பர்வைசர் ஆக்குவாங்கன்னு வர்றவங்க. ரெண்டு மூணு கிளார்க்குங்க, புரமோசனுக்கு. எல்லாரும் ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதிக் குடுத்துட்டுப் பாஸாகிப் போயிருவாங்க. நானும் போட்டு உட்டுருவன்.

போன வருசம் தவமணின்னு ஒரு பொண்ணு சேந்துது. சின்னப் புள்ளை இல்லீங்க, முப்பத்தஞ்சு வயசிருக்கும். கல்லாங்காட்டுப் புதூர்ல அங்கன்வாடி டீச்சர். புருசன் லாரி டிரைவர், மாசத்துல பாதி நாளு வடக்க. புதூர் நூத்தம்பது ஊடு இருக்கற சின்ன ஊரு. அதுக்கு மேக்கால ஈயக் கம்பெனி. பழைய பேட்டரியை உடைச்சு, உள்ள இருக்கற ஈயத்தை உருக்கிக் கட்டியாக்கற கம்பெனி. முதலாளி ஈஸ்வரமூர்த்தி அண்ணன். தங்கமான மனுசன். எங்க காலேஜ் கமிட்டியில அவரும் இருக்கறாரு.

அறிமுக வகுப்பு முடிஞ்சு எல்லாரும் டீக்குப் போயிட்டாங்க. இந்தப் பொண்ணு மட்டும் பெஞ்சுலயே உக்காந்திருக்குது.

"என்னம்மா, டீ குடிக்கலையா?"

"சார், நீங்க சொன்னீங்களே, கேளுங்கன்னு. கேட்டாச் சொல்லுவாங்களா சார்?"

"கேக்கறது உன்ற உரிமை. சொல்றது அவங்க கடமை"ன்னன். அது நான் வழக்கமாச் சொல்றதுதாங்க.

அப்பத்தான் பையில இருந்து ஒரு நோட்டை எடுத்துது. அங்கன்வாடியில மாசா மாசம் குழந்தைகளை எடை போடுவாங்கல்ல, அதைத் தனியா ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்குது. "சார், என்ற சென்டர்ல முப்பத்திரண்டு குழந்தைங்க. கம்பெனி பக்கத்துத் தெருவுல இருக்கற பத்தொம்பது குழந்தைக்கும் எடை ஏறலை. சத்துமாவு குடுக்கறன், முட்டை குடுக்கறன், ஏறலை. வயித்து வலி வயித்து வலின்னு அழுவுதுங்க. சில குழந்தைக்கு ஈறுல நீலமா கோடு உழுந்திருக்குது. போன வருசம் நல்லாப் பேசிட்டிருந்த புள்ளை, இந்த வருசம் பேரு சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பறதில்லை சார்."

எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சுங்க. நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. ஆனா அறிமுக வகுப்புக்கு வந்த அன்னிக்கே ஒருத்தர் இப்படி நோட்டை நீட்டினா நாம என்னங்க பண்றது? "அருமையான தலைப்பு தவமணி. இதையே அசைன்மென்ட்டா எழுது"ன்னு சொல்லி உட்டன்.

அசைன்மென்ட்டுன்னா என்னன்னு சொல்லிப்போடறன். உங்க பகுதியில ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கணும். அதுக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட முறையான இசைவாணை, அதாவது ஓட்டறதுக்கு அனுமதி, இருக்குதா, புகைக்கும் கழிவுக்கும் என்ன ஏற்பாடு பண்ணியிருக்கறாங்க, நிபந்தனையெல்லாம் நடைமுறையில இருக்குதான்னு பாத்து இருவது பக்கம் எழுதோணும். அவ்வளவுதான். எல்லாரும் இன்டர்நெட்டுல இருந்து இறக்கிக் குடுப்பாங்க. ஒரு வருசம் ஏழு பேரு ஒரே குஜராத் கம்பெனியை எழுதிக் குடுத்தாங்க. ஏழு பேருக்கும் அம்பத்தஞ்சு போட்டன்.

தவமணி நாலு மாசம் எழுதுச்சு. தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு இசைவாணை நகல் வாங்குச்சு. ஊர்ல பதினாலு ஆடு செத்ததுக்குத் தேதி எழுதுச்சு. அஞ்சு குழந்தைகளை அவங்கம்மாக்களோட பஸ் ஏத்திக் கூட்டிப்போயி, பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்துது. அஞ்சு பேருக்கும் ஈயம் கலந்திருக்குதுன்னு ரிப்போர்ட்டு. புகையை வடிகட்டற மெசினைக் கம்பெனியில ஆபீசருங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் ஓட்டறாங்க, மத்த நாள்ல நிறுத்தி வெச்சுடறாங்கன்னு ஒரு தனி அத்தியாயம். எந்தெந்தத் தேதியில நிறுத்துனாங்கன்னு பட்டியலே இருந்துது.

முதல்ல கொண்டுவந்த பிரதியில, 'இத்தகவலைத் தந்தவர் அங்கே பணிபுரியும் தொழிலாளி ஒருவர்'னு மட்டும் எழுதியிருந்துது. நான் அதைச் சுழிச்சுச் செவப்பு மையில எழுதினன்: 'பெயர், முகவரி, பணி தேவை. ஆதாரம் இல்லாத தகவலுக்கு மதிப்பெண் இல்லை.'

"சார், பேரு வேண்டாமுன்னு அந்த அண்ணன் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு சார்"ன்னுது.

"ஏம்மா, இது சட்டப் படிப்பு. ஊர்க்கதை எழுதற படிப்பில்லை. சாட்சிக்குப் பேரு இல்லாட்டி அது சாட்சியே இல்லை. இந்த அசைன்மென்ட்டு என்ற பீரோவைத் தாண்டிப் போவப்போறதில்லை. தைரியமா எழுது."

நான் சொன்னது சரிதானுங்களே? எந்த வக்கீலை வேணும்னாலும் கேளுங்க, சாட்சிக்குப் பேரு வேணும்தானே?

எழுதிக் கொண்டாந்துது. பின்னிணைப்பு மூணு. 'மயில்சாமி, த/பெ ராசப்பன், கல்லாங்காட்டுப் புதூர். வடிகட்டி இயந்திரப் பிரிவு உதவியாளர்.' கீழ அவன் கையெழுத்தே வாங்கியிருந்துது. மொத்தம் அறுவத்தி நாலு பக்கம். முத்து முத்தான கையெழுத்து. நான் தொண்ணூத்தி நாலு போட்டன். என்ற சர்வீஸ்ல அத்தனை மார்க் யாருக்கும் போட்டதில்லை. மீதி ஆறு எதுக்குக் குறைச்சன்னா, ஓரத்துல இடம் உடாம எழுதியிருந்துது.

அதுக்கு அடுத்த வாரம் கமிட்டி மீட்டிங். மூர்த்தி அண்ணன் வந்திருந்தாரு. மீட்டிங் முடிஞ்சு காரிடார்ல நின்னுக்கிட்டு, "என்னங்க குழந்தைவேலு, உங்க சென்டரெல்லாம் எப்படிப் போகுது?"ன்னாரு. எனக்குப் பெருமையாப் போச்சு. அதுவுமில்லாம, இந்தத் தகவல் வெளியில போயிச் சந்தி சிரிக்கறதுக்கு முன்னால அவரே தெரிஞ்சு சரி பண்ணிக்கிட்டா ஊருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது, தவமணிக்கும் நல்லது. இப்படித்தாங்க நான் நினைச்சன். சத்தியமா இப்படித்தான் நினைச்சன். ரூமுக்குக் கூட்டிட்டு வந்து, பீரோவைத் தொறந்து எடுத்துக் காட்டினன்.

நின்னுக்கிட்டே படிச்சாரு. பக்கம் பக்கமா, நிதானமா. முகத்துல ஒரு சுருக்கம் இல்லை. பின்னால புரட்டி அந்தப் பின்னிணைப்புக்கு வந்ததும் மட்டும் உக்காந்துட்டாரு.

"நல்லா எழுதியிருக்குதுங்க இந்தப் புள்ளை"ன்னாரு.

"ஆமாங்கண்ணா, என்ற ஸ்டூடண்ட்டு."

"ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுங்களா?"

மனுசன் கத்தலை, மிரட்டலை. ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமான்னு அனுமதி கேக்கறாரு. இல்லைன்னு எப்படிங்க சொல்றது?

அடுத்த மாசமே எனக்கு ஒருங்கிணைப்பாளர் வேலையை மூணு வருசம் நீட்டிச்சாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. எட்டு வருசம் பாத்தவனுக்கு நீட்டிக்காம வேற யாருக்கு நீட்டிப்பாங்க?

மயில்சாமியை வடிகட்டிப் பக்கம் இருந்து எடுத்து உலைக்கு மாத்திட்டாங்க. உலையில சம்பளம் அதிகமுங்க, புரமோசன்னுதான் அதைச் சொல்லோணும். பன்னெண்டாவது நாளு உருகின ஈயம் தெறிச்சு மேல உழுந்துருச்சு. ஈரமான சரக்கைப் போட்டா அப்படித் தெறிக்குமாம். பழக்கமில்லாதவன், அவனுக்குத் தெரியலை. ஆஸ்பத்திரியில மூணு நாளு இருந்தான். விபத்துதாங்க. போலீஸ்லயே விபத்துன்னு எழுதியிருக்கறாங்க. கம்பெனியில அவன் சம்சாரத்துக்கு வேலை போட்டுக் குடுத்தாங்க. எந்த முதலாளி இந்தக் காலத்துல அப்படிச் செய்வாரு, சொல்லுங்க.

நானும் எழவுக்குப் போனன். கேள்விப்பட்டுட்டு எப்படிப் போகாம இருக்கறது? தவமணி பந்தலுக்கு வெளியில வேப்பமரத்தடியில நின்னுட்டிருந்துது. உள்ள போகலை. அவன் சம்சாரம் உடலையாம். என்னைப் பாத்ததும் நேரா வந்துது. அழுகையெல்லாம் இல்லை. சாதாரணமாத்தான் கேட்டுது.

"சார், என்ற அசைன்மென்ட்டை யாராச்சும் படிச்சாங்களா?"

"நான் மட்டும்தாம்மா"ன்னன்.

பின்ன என்னங்க சொல்றது? எழவு ஊட்டுல நின்னுக்கிட்டு அதையெல்லாம் வெவரமாப் பேச முடியுமா? அந்த நேரத்துக்கு ஒரு ஆறுதல். அது என்ற மூஞ்சியையே பாத்துட்டிருந்துது. பொறவு, "சரிங்க சார்"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

சும்மா இருந்திருக்கலாமில்லீங்க? இருக்கலை. அந்த அறுவத்தி நாலு பக்கத்தையும் திரும்ப ஒருக்கா கையால எழுதி மேல, வாரியத்துக்கே மனு அனுப்பிருச்சு. அப்பத்தான் கெரகம் புடிச்சுது. புதூர்ல இருந்து எதிர் மனு ஒண்ணு போச்சு. எங்க குழந்தைங்களை எங்களுக்குத் தெரியாமக் கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுத்துருச்சுன்னு அஞ்சு அம்மாக்களும் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. கூடவே பஸ்ல போன அதே அஞ்சு பேரு. பாவம், அவங்க ஊட்டு ஆம்பளைங்கல்லாம் கம்பெனியிலதானே வேலை பாக்கறாங்க. தவமணியைத் தற்காலிகமா வேலையில இருந்து நிறுத்தி, துறை விசாரணை வெச்சுட்டாங்க.

இன்னிக்கு நான் போயிட்டு வர்றது அதுக்குத்தான். சாட்சி சொல்றதுக்கு. ஆமாங்க, நான்தான் சாட்சி. தவமணி படிப்புக்காகத்தான் செஞ்சன்னு சொல்லுதே, படிப்புல அப்படிச் செய்யச் சொன்னீங்களான்னு கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்துது. மூர்த்தி அண்ணனோட வக்கீல் ஊட்டுக்கு வந்து, என்ன சொல்லோணும்னு நிதானமா எடுத்துச் சொல்லிட்டுப் போனாரு. பொய் சொல்லச் சொல்லலீங்க. அச்சடிச்ச கையேட்டுல என்ன போட்டிருக்குதோ அதைச் சொன்னாப் போதும்னாரு. கையேட்டுல தெளிவாப் போட்டிருக்குது: 'ஒப்படைப்புகள் கற்றல் நோக்கத்துக்கு மட்டுமே.' அதை அப்படியே படிச்சன்.

விசாரணை அதிகாரி ஒரு அம்மா. எழுதிக்கிட்டாங்க. "குற்றம் சாட்டப்பட்டவர் குறுக்கு விசாரணை பண்ணலாம்"ன்னாங்க. தவமணிக்கு வக்கீல் இல்லை. அதுவே எந்திரிச்சுது. கையில நோட்டுகூட இல்லை.

"சார், வணக்கம்"ன்னுது.

"வணக்கம்மா"ன்னன்.

"போங்க, பாருங்க, கேளுங்க, எழுதுங்கன்னு முதல் நாளு வகுப்புல சொன்னீங்களா சார்?"

"அது பொதுவாச் சொல்றது. எல்லா வருசமும் சொல்றதுதான்."

"சாட்சியோட பேரை எழுதச் சொல்லிச் செவப்பு மையில எழுதினீங்களா?"

"ஞாபகமில்லை"ன்னன். எத்தனை பேப்பர் திருத்தறன், எல்லாம் ஞாபகம் இருக்குமுங்களா?

"என்ற அசைன்மென்ட்டுக்கு எத்தனை மார்க் போட்டீங்க சார்?"

இதை வக்கீல் எனக்குச் சொல்லித் தரலை. அது ரெக்கார்டுல இருக்கற விசயம், மறைக்க முடியாது. "தொண்ணூத்தி நாலு"ன்னன்.

அந்த ஆபீசரம்மா பேனாவை வெச்சுட்டு நிமுந்து பாத்தாங்க. "அதுல எழுதியிருக்கறதெல்லாம் கற்பனைன்னு கம்பெனி சொல்லுது. நீங்க எதுக்குங்க தொண்ணூத்தி நாலு போட்டீங்க?"

"கையெழுத்து நல்லா இருந்துதுங்க மேடம்"ன்னன்.

அந்தம்மா அதையும் எழுதிக்கிட்டாங்க. நான் சொன்னது உண்மைதானுங்களே? கையெழுத்து நெசமாவே நல்லா இருந்துது.

உத்தரவு தபால்ல வருமாம். வேலை போயிரும்னுதான் பேசிக்கறாங்க. வெளியில படிக்கட்டுல எறங்கையில தவமணி பின்னாலயே வந்துது. எனக்குக் கொஞ்சம் படபடப்பாத்தான் இருந்துது, பொய் சொல்லப்படாது. என்ன கேக்குமோ, ஆளுங்க முன்னால என்ன சொல்லுமோன்னு. ஆனா அது சிரிச்ச மொகமா நின்னு, "சார், இந்த வருசம் எங்க ஊர்ல இருந்து பதினோரு பேரு அப்ளிகேசன் போட்டிருக்கறாங்க சார்"ன்னுது.

"ஆமாம்மா, பாத்தன். எல்லாம் பொம்பளைங்களா இருக்குது."

"மயில்சாமி அண்ணன் சம்சாரமும் போட்டிருக்குது. அறிமுக வகுப்பை நல்லா எடுங்க சார். எங்களுக்கு எடுத்தீங்களே, அதே மாதிரி எடுங்க. அந்தத் தண்ணி டம்ளரெல்லாம் வெச்சு."

பாத்தீங்களா? எத்தனை நடந்தும் அந்தப் பொண்ணுக்கு என் மேல மரியாதை போகலை. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. வாத்தியார் வேலைக்கு வந்து இதைவிட வேற என்ன வேணும்?

நாளானிக்கு ஞாயித்துக்கிழமை வகுப்பு. நல்லபடியா எடுத்துரலாம்.

அந்தப் பதினோரு பேரு விசயம் மூர்த்தி அண்ணனுக்கும் எட்டிருச்சு. எப்படி எட்டுச்சுன்னு தெரியலை. நேத்து போன் பண்ணினாரு. "ஏனுங்க குழந்தைவேலு, எங்கூர்ப் பொம்பளைங்கல்லாம் படிக்க வர்றாங்களாமே, சந்தோசம். யார் யாருன்னு ஒரு பட்டியல் மட்டும் குடுங்க. நம்மாலான உதவி எதாச்சும் பண்ணலாம்"ன்னாரு. பேரும், ஊட்டு நெம்பரும், ஊட்டுக்காரரு எங்க வேலை செய்யறாருங்கறதும் போதும்னுட்டாரு. எல்லாம் அப்ளிகேசன்ல இருக்கறதுதானுங்களே. ஒரு பட்டியல்ல என்னங்க இருக்குது? அதை வெச்சுக்கிட்டு யாரு யாரை என்ன பண்ணிர முடியும்? உதவின்னுதான் சொல்றாரு. மனுசன் வாய் தொறந்து கேக்கறப்ப, நாம தப்பாவே ரோசனை பண்ணிட்டிருக்கப்படாது.

இந்தப் பிரிவு ரோட்டு ஸ்டாப்புல கம்பெனி ஆளு வந்து நிப்பாருன்னு சொன்னாரு. இதோ வந்துருச்சு. அதா, புளியமரத்துக்கிட்ட பைக்கை நிறுத்தி நிக்கறாரே, செவப்புச் சட்டை, அவருதான். பஸ்சு இங்க ரொம்ப நேரம் நிக்காதுங்க. எனக்கு முழங்கால் வலி, இத்தனை கூட்டத்துல எந்திரிச்சு எறங்கி ஏற முடியாது. நீங்கதான் ஜன்னலோரமா உக்காந்திருக்கீங்க. இந்தாங்க, இந்தக் கவரைச் சித்த அவரு கையில குடுத்துருங்க.

ஏங்க, ஒட்டித்தான் இருக்குது, அதை என்னத்துக்கு அப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? கைய நீட்டிட்டாரு பாருங்க. குடுங்க சார். கண்டக்டர் விசில் ஊதிட்டாரு.